தொடங்கிய இடம்

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவு அறையில் எனக்கு வேலை. டாக்டர் எழுதும் நோய்க்குத் தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து எண் போட வேண்டும். காய்ச்சல், பேதிக்கெல்லாம் தூக்கத்தில்கூடப் போட்டுவிடுவேன். புற்றுநோய்தான் உயிரை வாங்கும். அது தொடங்கிய இடத்துக்கு ஓர் எண், பரவிப்போய் உட்கார்ந்த இடத்துக்கு வேறு எண். தொடங்கிய இடம் தெரியாமல் போட்டால் அது வெறும் பொய்.

அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாள். வலது மேல்கை எலும்பில் கட்டி. தோளோடு கையை எடுப்பதாகப் பேச்சு. கேஸ் தாளில் ‘கை எலும்பில் புற்று’ என்று மட்டும் இருந்தது. அங்கேயே தொடங்கியதா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்று கேட்கத் தாளை டாக்டரிடம் கொண்டுபோனேன். சலித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“எனக்கும் அதே சந்தேகம்தாம்மா. வேற எடத்துலேர்ந்து வந்திருந்தா கைய எடுத்துப் பிரயோஜனம் இல்ல. நானும் கேட்டேன், நர்ஸும் கேட்டாங்க. மாமியார்தான் பதில் சொல்றாங்க. நீ கேட்டுப் பாரேன்.”

அந்த நாளில் மருமகள் படுத்தால் வாய் மாமியாருடையது. டாக்டர் வந்தால் இந்த மாமியார் மருமகளின் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கையை மட்டும் வெளியே நீட்டச் சொல்வார், வளையல் கடையில் நீட்டுவதுபோல. எனக்கு எரிச்சலாக வந்தது. வார்டுக்குப் போய், வராந்தாவில் கஞ்சி ஊற்றுகிறார்கள், தீர்ந்துவிடும் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

“வேற எங்கனா கட்டி இருக்குதா?” என்றேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கினாள். வலது மார்பில் மஞ்சள் பத்து காய்ந்து வெடித்திருந்தது.

“போன நடவுக்கு முன்னாடியே வந்துட்ச்சி. வூட்ல இன்னான்னுக்கா சொல்றது? பத்து போட்டுகினு இருந்தேன். கையி நோவுதுன்னு வந்தேன், கையத்தான் பாத்தாங்கோ.” முந்தானையை மூடிக்கொண்டு, “கைய எடுத்துட்டா சின்னவளுக்கு எப்பிடிக்கா தல பின்றது?” என்றாள்.

டாக்டர் நர்ஸை வைத்துக்கொண்டு பரிசோதித்தார். தொடங்கியது மார்பில்தான். கையை எடுப்பதைக் கைவிட்டார்கள். குணமாகாது என்பதை அவளிடமும் கணவனிடமும் சொன்னார்கள்.

கணவன் என் ஜன்னலுக்கு வந்தான். “எயுதறப்போ கையின்னே எயுதும்மா. ஊர்ல கேப்பாங்கோ.”

கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தாளைத் திருப்பி எண்ணைக் காட்டினேன். “இது மட்டுந்தான் இங்க எழுதுவோம். உள்ளத உள்ளபடிதான் போட்டுருக்கேன். ஊர்ல யாரும் இதப் படிக்க மாட்டாங்க.” எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சரியென்று தலையசைத்தான்.

வீட்டுக்குப் போகும் நாளில் சின்னவளையும் அழைத்து வந்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. வராந்தாப் படியில் மகளை முன்னால் உட்காரவைத்துப் பின்னத் தொடங்கினாள். நடுநடுவே வலது கையைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னல் கோணலாக வந்தது. பக்கத்தில் மாமியார் ரிப்பனை நீட்டியபடி, வாயே திறக்காமல் நின்றிருந்தார்.