இளைப்பு என்று சொல்லிவிட்டார்கள்

எனக்கு இளைப்பு என்று முதலில் சொன்னது யார் என்பதை எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள இன்றுவரை ஆளில்லை. டாக்டரம்மா சொன்னதாக என் கணவர் சொல்கிறார். தன் மகன் சொன்னதாக என் மாமியார் சொல்கிறார். டாக்டரம்மா பேசியபோது நேர் எதிரில் உட்கார்ந்திருந்தவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

பையனுக்கு அப்போது ஆறேழு மாதம். ராசிபுரத்தில் நெசவாளர்களுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கும் வீடு எங்களுடையது. பிள்ளை பெற்றவள் என்று என் மாமியார் நெய்யும் நல்லெண்ணெயும் கருப்பட்டியுமாகப் போட்டுத் தள்ளினார். நானும் மறுத்துப் பேசத் தெரியாமல் தின்றேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "மருமக நல்லாப் பூசினாப்பல ஆயிட்டாளே" என்று சொல்லிப் போனார்கள். அந்தப் பேரெல்லாம் மாமியாருடைய கைப்பக்குவத்துக்குச் சேர்ந்தது. எனக்குச் சேர்ந்தது கால் வீக்கம்தான். மச்சுப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

என் கணவர் என்னைக் கூட்டிப்போன சேலத்து டாக்டரம்மா வேறு தேசத்தில் பிறந்து இங்கே வந்து தமிழ் படித்தவர். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். "இளைப்பு இருக்கிறது. உடம்பு இளைக்க வேண்டும். மெதுவாக இளைக்க வேண்டும். பால் கொடுக்கிறாய், அதனால் பட்டினி கிடக்கக் கூடாது. நெய், பலகாரம் குறைத்துவிடு. ஒரு வேளை களியும் கீரையும் சாப்பிடு. தினமும் நட. இந்தக் கனத்தோடு இன்னொரு குழந்தை உண்டானால் உனக்கு ஆபத்து." நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள். முதலில் சொன்ன இளைப்பு மூச்சு வாங்குவது என்றும், அடுத்துச் சொன்னது மெலிவது என்றும் எனக்குப் புரிந்தது. என் கணவர் மூன்றாவதாக ஒன்றைப் புரிந்துகொண்டு வண்டியில் ஏறினார்.

எங்கள் பக்கத்தில் சயரோகத்தையும் இளைப்பு என்றுதான் சொல்வார்கள். அந்த நோயின் பேரை வாய்விட்டுச் சொன்னால் ஊட்டுக்குள் வந்துவிடும் என்று பயம்.

வீடு வந்ததும் நான் பையனுக்குத் துணி மாற்ற உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் அவர் அம்மாவிடம் சேதி சொல்லி முடித்திருந்தார். மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கத்தை?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ போய்ப் படு."

கணவரைக் கேட்டு விஷயம் புரிந்ததும் நான் சிரித்தே விட்டேன். "ஏனுங்கத்தை, அந்த நோவு வந்தவ இத்தனை கனம் இருப்பாளா?"

"உள்ள அரிக்கறது வெளியில தெரியுமா, சாமி?" என்றார். அவருடைய தங்கை அந்த நோயில்தான் போனாள். அவளிடம் பால் குடித்த பிள்ளையும் பின்னாலேயே போயிற்று. அதை நினைத்துத்தான் என் சிரிப்பை அன்று நிறுத்திக்கொண்டேன். நிறுத்தாமல் அப்போதே சண்டை போட்டிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காதோ என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

சரி, டாக்டரம்மா சொன்னபடி நடந்து, மூச்சு வாங்குவது நின்றுவிட்டால் தானாகத் தெரிந்துவிடும் என்று எண்ணினேன். எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! எங்கள் தெருவில் ஒரு பெண் சும்மா நடக்க முடியாது. "எங்கீங்க போறீங்க?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். "நடக்கப் போறேன்" என்று ஒருநாள் உண்மையைச் சொன்னேன். கேட்டவள் வீட்டுக்குள் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து என்னைப் பார்க்க வைத்தாள். மறுநாளிலிருந்து, ஊருக்கு வெளியே எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குப் போகிறவளாகக் குடத்தை எடுத்துக்கொண்டேன். காலிக் குடத்தோடு எதிரே வந்து சகுனத்தைக் கெடுக்கிறேன் என்று சந்தைக்குக் கிளம்பிய ஒருவர் சத்தம் போட்டார். அதற்கப்புறம் பாதிக் குடம் தண்ணீரோடு கிணற்றுக்குப் போய், அதே தண்ணீரோடு திரும்பி வந்தேன்.

"கெணத்துக்கே தண்ணி கொண்டு போறீங்களா அம்மிணி? ரொம்பத் தாகமாமா அதுக்கு?" என்று தறிக்காரர் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நடக்க விட்டார்களே, அது போதும்.

சாப்பாட்டில் தொல்லை வேறு மாதிரி. வேலைக்காரர்களுக்குக் கிண்டும் களியில் எனக்கும் ஓர் உருண்டை கேட்டதற்கு மாமியார் அழுதார். "நோவு வந்தவளுக்குக் களியைப் போட்டுக் கொல்றாங்கன்னு ஊரு பேசோணுமா?" என் தட்டில் நெய்யை அவர் ஊற்றுவார், சோற்றை நான் ஓரமாக ஒதுக்குவேன். ஒதுக்கினால், பசி போய்விட்டது, அதுவும் நோயின் அடையாளம்.

கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு குறைந்தது. கால் வீக்கம் வடிந்தது. மச்சுப்படியை நிற்காமல் ஏறினேன். அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணிலும் பட்டது என் கையில் கழன்று ஆடிய வளையல்தான். நான் தேறத் தேற அவர்கள் கணக்கில் நோய் முற்றிக்கொண்டே போயிற்று. என் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். ராத்திரியில் பையனைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார் மாமியார்.

மறுபடி சேலம் போனோம். டாக்டரம்மா என்னை நிறுத்துப் பார்த்து, இப்படியே நிதானமாகப் போகட்டும் என்று தட்டிக்கொடுத்தார். இந்த முறையாவது சரியாகச் சொல்லுங்கள் என்று வழி நெடுக என் கணவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். வண்டியைவிட்டு இறங்கினதும் அவர் சொன்னது இது: "நல்லா இளைச்சிருக்குதாம்மா. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோசம்."

மாமியார் என் இடுப்பிலிருந்து பையனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து பகலிலும் பால் கிடையாது. சங்கில் பசும்பாலை ஊற்றிப் புகட்டினார். அவன் துப்புவான், வீறிடுவான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ரவிக்கை நனையும். கொல்லைப்புறம் போய்ப் பாலைப் பீய்ச்சிச் செடிக்கு விட்டேன்.

"ஏனுங்க, உங்கம்மாகிட்ட நீங்க பேசக் கூடாதா?"

"டாக்டரம்மா சொன்னதைத்தான சொன்னேன். என்ன தப்பு?"

"இளைப்புன்னா என்னன்னு கேட்டீங்களா?"

"இளைப்புன்னா இளைப்புதான். நீ படிச்சவ, உனக்கு ஒரு வார்த்தைக்கு நாலு அர்த்தம்."

எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே உள்ளே ஏதாவது இருந்து, டாக்டரம்மா மறைக்கிறாரோ? மாமியார் செய்வதுதான் பையனுக்கு நல்லதோ? பயந்துபோய் இரண்டு நாள் அவர் போட்ட நெய்ச்சோற்றை எல்லாம் தின்றேன். "இப்படித் தின்னா தேறீருவ. பையனைத் தாரேன்" என்றார். பையனுக்காக உயிரோடிருக்க நான் இளைக்க வேண்டும், பையன் கைக்கு வர நான் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கை யாரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது?

மாமியாரே ஒரு வழி சொன்னார். திருச்செங்கோட்டு மலைக்கு ஏறும் வழியில் அறுபதாம் படி என்று ஓர் இடம் உண்டு. எங்கள் பக்கத்தில் எந்த வழக்கானாலும் அங்கே நின்று சத்தியம் செய்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. "அங்க நின்னு எனக்கு இளைப்பு இல்லைன்னு சொல்லு. பிள்ளையை உன் கையில குடுத்தர்றேன்" என்றார்.

போனோம். பையனை என்னிடம் தராமல் அவரே தூக்கிக்கொண்டு படி ஏறினார். என் கணவர் தேங்காய், பழக்கூடையோடு பின்னால் வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே புகட்டின பாலைப் பையன் அப்போதே கக்கிவிட்டிருந்தான். பசியில் வழி நெடுக அழுதான். அறுபதாம் படிக்கு வந்தபோது மாமியாருக்கு வாய் திறந்து பேச மூச்சில்லை. என் கணவர் கூடையை இறக்கிவைத்துக் குனிந்து நின்றார்.

"ம்... சொல்லு" என்றார் மாமியார்.

பொய்ச் சத்தியம் செய்தால் வம்சத்துக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இளைப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? மூச்சு வாங்கியது உண்மை. உடம்பு இளைத்ததும் உண்மை. எந்த இளைப்பை இல்லை என்று சொல்கிறேன் என்று சாமிக்குத் தெரியும், ஆனால் சொல் தவறிப்போய்ப் பையனுக்கு ஏதாவது வந்துவிட்டால்? நான் நிற்க நிற்க மாமியார் முகம் வெளுத்தது. என் தயக்கத்துக்கும் அவர் ஓர் அர்த்தம் வைத்துவிட்டார் என்று தெரிந்தது.

சூடத்தை ஏற்றச் சொல்லி, அதன்மேல் கை வைத்தேன். "எனக்குச் சயரோகம் இல்லை. முன்னாடி மூச்சு இளைச்சுது, இப்ப இல்லை. உடம்பு இளைச்சிருக்குது, அது டாக்டரம்மா சொல்லி நானா இளைச்சது. இன்னமும் இளைப்பேன். சத்தியம்."

"இதென்ன... வக்கீலாட்டப் பேசற?" என்றார் மாமியார், இரண்டு மூச்சுக்கு நடுவில். "இளைப்பு இல்லைன்னு ஒரே வார்த்தை..."

"நீங்க மூச்சு வாங்கறீங்களே அத்தை, அதுக்குப் பேரு என்னங்க?"

"இளைப்பு" என்றுவிட்டு என்னைப் பார்த்தார். கணவரையும் பார்த்தார். அவருக்கும் அதே பாடு. நான் அவர்களோடுதான் ஏறி வந்தேன். பேசிக்கொண்டு நிற்கிறேன்.

"இதைத்தாண்டா சொன்னாளா அந்தம்மா?" என்று மகனைக் கேட்டார். அவர் கூடையில் இருந்த பழத்தை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

பையன் பின்னால் வளைந்து துள்ளினான். மாமியாருக்குக் கை ஓய்ந்துவிட்டது. "இந்தா, பிடி" என்று கொடுத்தார். நான் படியோரம் உட்கார்ந்தேன். அவர் என் பக்கமாக வந்து நின்று, ஏறி வருகிறவர்களுக்கு மறைவாக முந்தானையை விரித்துப் பிடித்தார். பையன் வாயை வைத்ததும் அழுகை நின்றது.

"சீக்கிரம் குடு கண்ணு" என்றார். "நடை சாத்தீருவாங்க."