இரண்டாவது எக்கோ

கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுப்பது என் வேலை. ஏசி ஓடும் இருட்டறை, ஒரு திரை, நான். வருகிறவர்கள் சட்டையைக் கழற்றுவார்கள், ஜெல் பட்டதும் கூசுவார்கள், இருபது நிமிடத்தில் போய்விடுவார்கள். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதுவரை பார்த்திருப்பேன். அதே ஆள் தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. மாலையில் காளவாசல் பக்கம் என் ஒற்றை அறைக்குத் திரும்பினால், அன்று பார்த்ததைச் சொல்ல ஆள் கிடையாது. சொல்லவோ அவ்வளவு இருந்தது. படிப்பை முடித்து எட்டு மாதம். எல்லாவற்றையும் நானே முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்கிற வேகம்.

ஒருநாள் காலை அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லோடு ஆட்டோக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கால் வீங்கி, வயிறு உப்பி, நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. தனியாக வந்திருந்தார்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கண்ணே."

"எம்புட்டு நேரம்மா?"

"கால் மணி நேரம்."

"தூங்கிப்புட்டா எழுப்பிவிடு. வண்டி மார்க்கெட்டுல நிக்கிது."

படம் வந்ததும் எனக்குப் பரபரத்தது. இதயம் நன்றாகத்தான் சுருங்கியது, விரியத்தான் மறுத்தது. கீழே இறங்க வழியில்லாத ரத்தம் தேங்கி, மேலறைகள் இரண்டும் ஊதிப் போயிருந்தன. காரணம் இரண்டில் ஒன்று. இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுக்கலாம். அறுவை செய்து அதை உரித்தெடுத்தால் ஆள் தேறிவிடுவார். இல்லை, தசையே விறைத்திருக்கலாம்; அப்போது உரித்தெடுக்க ஒன்றுமில்லை. எது என்பதை மூச்சு காட்டிக்கொடுக்கும். உறை என்றால், மூச்சை இழுத்து விடும்போது ரத்த ஓட்டத்தின் அலைகள் திரையில் ஏறி இறங்கும். தசை என்றால் பெரும்பாலும் ஒரே உயரத்தில் நிற்கும்.

ஒரே உயரத்தில்தான் நின்றன. குறித்துக்கொண்டு அவரை அனுப்பினேன்.

ஜெல் பாட்டிலை மூடும்போது சுருக்கென்றது. "மூச்ச அடக்குங்கண்ணே" என்று நான்தானே சொன்னேன்! படம் ஆடாமல் வர எல்லோரிடமும் சொல்வது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூச்சை அடக்கியவருக்கு அலை எப்படி ஏறி இறங்கும்?

ஓடினேன். எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றிருந்தார்.

"அண்ணே, இன்னொரு தடவ எடுக்கணும், வாங்க."

"என்னத்தா, மெசினு மக்கர் பண்ணிருச்சா?"

"மெசினு நல்லாத்தான் இருக்கு. தப்பு எம்மேல."

"அட, தப்ப ஒத்துக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்." டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

இம்முறை அவர் போக்கில் மூச்சுவிடச் சொன்னேன். உறையாக இரு, உறையாக இரு என்று திரையைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினேன். மூச்சு போய் வந்தது. அலைகள் அப்படியே நின்றன. இதயச் சுவர் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று அளந்தேன், மந்தமாக இருந்தது; அதுவும் தசையையே காட்டியது. மறுபடி அளந்தேன். அதேதான்.

ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தபோது கேட்டார்: "நீ ஓடியாந்தப்பவே நெனச்சேன், என்னமோ நல்ல சேதி இருக்குன்னு. சரிதானம்மா?"

முடிவைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். "டாக்டர் சொல்லுவாருண்ணே" என்றேன். ஓடாமல் நடந்து போயிருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார். இதய எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்ய வேண்டும், ஆனால் தசை நோய் மாதிரிதான் தெரிகிறது என்றார் என்னிடம். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கூட யாரு வந்திருக்கா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கதவோரம் நின்ற என்னைக் காட்டினார். "இந்தா, இந்தப் பொண்ணு இருக்குல்ல."

எக்கோ அறையில் அடுத்த ஆள் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.