இது என்ன பூச்சி, தம்பி?

பெயின்ட் கடையில் கலர் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவனை எல்லோரும் 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பாராட்டு என்று நம்பியவன் அவன் ஒருவன்தான். எந்த நிறத்தைக் கேட்டாலும் அதன் பெயருக்குக் குலம் கோத்திரம் சொல்லாமல் டப்பாவை மூடமாட்டான். காக்கி கேட்டவரிடம், "பாரசீகத்துல காக்னா புழுதி சார்" என்பான். காசு கொடுத்துப் புழுதி வாங்கிய ஞானத்தோடு அவர் வீடு போய்ச் சேருவார்.

இப்பேர்ப்பட்டவனின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா தன் வீட்டுக் கூடத்துக்கு வர்ணம் வாங்க, சம்பந்தி வீட்டுப் பையன் இருக்கும் கடையாயிற்றே என்று அங்கேயே வந்தார். துணைக்குத் தங்கையும் வந்தாள். நிற அட்டையில் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தார் அந்த அம்மாள்.

"இதுதான் தம்பி. பியூஸாம். பிரெஞ்சுப் பேராமே! எவ்வளவு நாகரிகமா இருக்கு பாருங்க."

தங்கை அண்ணனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். உலகத்துச் சொல்லுக்கெல்லாம் அர்த்தம் தெரிந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை.

"பிரெஞ்சுதான் அத்தை. பியூஸ்னா தெள்ளுப்பூச்சி. நாய் மேல துள்ளுமே, அது."

அத்தையின் விரல் சூடு பட்டதுபோல விலகியது. "எங்க வீட்டுல தெள்ளுப்பூச்சி இருக்குன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல அத்தை! வேணும்னா கிரிம்சன் எடுத்துக்கங்க. கம்பீரமான சிவப்பு. என்ன, அந்தப் பேரும் ஒரு பூச்சியிலேர்ந்து வந்ததுதான். அதை நசுக்கித்தான் அந்தக் காலத்துல சாயம்..."

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

"உன் வாய்க்கு ஒரு மூடி விக்கிறதில்லையாண்ணா உங்க கடையில?" என்று கேட்டுவிட்டுத் தங்கை பின்னாலேயே ஓடினாள்.

மாலையில் மாப்பிள்ளை ஃபோன் செய்தார். "மச்சான், அம்மா சாப்பிடாம உக்காந்திருக்காங்க."

அகராதி முந்திக்கொண்டான். "மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை..."

"அட, கோவம்லாம் இல்ல. மாடி வீட்டம்மா கூடம் முழுக்க அந்தப் பியூஸைத்தான் அடிச்சிருக்காங்க. அதைப் பாத்துத்தான் இவங்களுக்கு ஆசையே வந்துச்சு. இப்ப அந்தம்மாகிட்ட விஷயத்தை எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை நடக்குது. ஸ்பெல்லிங் கேக்கச் சொன்னாங்க."

கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். கல்யாணமும் நன்றாகவே நடந்தது. மாடி வீட்டம்மா மட்டும் வரவில்லை. வரவேற்பில் அத்தை அகராதியைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு, வருகிறவர்களின் உடைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் காட்டி, அவன் காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தார்:

"இது என்ன பூச்சி, தம்பி?"