குமிழ் சுட்டது

அப்பா எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். டீ டம்ளர், கொடியில் காயும் துணி, காய்ச்சலில் கிடக்கும் என் நெற்றி. "உள்ளங்கை காய்ப்பேறிப் போச்சு, பொய் சொல்லும்" என்பார். அவர் வண்டி எலக்ட்ரீஷியன். கிளம்பாத வண்டியில் யாரையாவது சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, பேட்டரி முனை, ஸ்டார்ட்டர் ஒயர் என்று ஒவ்வொரு இணைப்பிலும் புறங்கையை வைப்பார். சுடுகிற இடத்தில் கோளாறு.

தெருமுனைத் தையற்கார அம்மாவிடம் அவர் கணவர் விட்டுப்போன பழைய கார் ஒன்று இருந்தது. வாங்க ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். ஓடினால் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் இரும்புக்கடைதான். "எங்கயாவது ஓடிக்கிட்டிருந்தா போதும்ணே" என்றார் அந்தம்மா. பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டுமே என்று அப்பா, கேட்காமலே, என்ஜின் அறை முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொடுத்தார். அதுவரை ஓடிய வண்டி அதோடு மக்கர் செய்தது. சாவியைத் திருகினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பேட்டரியை மாற்றினார். ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டினார். அந்தம்மாவே சீட்டில் உட்கார்ந்து சாவி திருகினார்.

"அண்ணே, சாவிப் பக்கத்துல இழுக்கற இந்தச் சோக் குமிழ் சுடுதே?"

"வெயில்ல நிக்கிற வண்டி சுடாம குளுருமா? நீ ஊசியைப் பாரும்மா, ஒயரை நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தார் அப்பா.

வாங்க வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இரும்புக்கடை லாரி வந்த அன்று அந்தம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

சில மாதம் கழித்து வேறொரு வேனில், சோக் குமிழிலிருந்து என்ஜினுக்குப் போகும் கம்பி புகைந்தது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருந்தது. பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாத மின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போயிருக்கிறது. அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் காரின் எர்த் பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயின்ட் அடித்து, அதன்மேலேயே திரும்ப முடுக்கியவர் அவர்தான். பெயின்ட் மின்சாரத்தை விடாது; உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்திருந்தால் போதும்.

"அந்தம்மா சொல்லுச்சுடி" என்றார் என்னிடம். "நான்தான் சிரிச்சேன்."

சொல்லிவிடுவதென்று போனார். "வாங்கண்ணே, என்ன தைக்கணும்?" என்று அவர் டேப்பை எடுத்ததும் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். மறுபடியும் போனார். மறுபடியும் சட்டை. "மன்னிப்புக் கேக்கப் போற மனுஷன் புது மாப்பிள்ளையாட்டம் வர்றாரே!" என்று அம்மா கேலி செய்வார்.

இந்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். அந்தச் சட்டைகளில் ஒன்றைத்தான் போட்டுவிட்டோம். அந்தம்மா குனிந்து அதன் காலரைச் சரிசெய்தார். "அண்ணனுக்குச் சட்டைன்னா உசிரு" என்று அழுதார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பேசத் தெரிந்தவள் என்று பெயர். வண்டி வயசாகித்தான் போனது என்று நம்புகிறவரிடம் இனி நான் சொல்வது அவருக்காகவா, என் பாரம் இறங்கவா? தெரியவில்லை.

நேற்று அந்தம்மா கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்தார். அப்பா கடைசியாக அளவு கொடுத்த சட்டை.

"ஒரு விஷயம்…" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லு கண்ணு. உனக்கு என்ன தைக்கணும்?"

கையைத் தூக்கி அளவு கொடுத்தேன்.