மூக்கன் சொல்லாமல் விட்டது

லிஃப்ட் ரிப்பேர்காரருக்கு ஒருத்தியைக் கண்டால் ஆகவே ஆகாது. இப்போது வருகிற லிஃப்டுகளில் ஒளிந்துகொண்டு, "கதவு மூடுகிறது" என்று தேனொழுகச் சொல்கிறாளே, அந்தக் குரல்காரிதான். "இவ பேச்சுல ஒரு தும்மல் உண்டா? ஒரு கமறல் உண்டா? பேச்சா இது?" என்று கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு தமிழில் திட்டுவார். உள்ளே நிற்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது அந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த பெரிய சௌகரியம்.

பேச்சென்றால் அவருக்கு மூக்கன் பேச்சுதான். மூக்கன் ஒரு பழைய கம்ப்யூட்டர். பிழைக்க வந்த புதிதில், இழுத்து மூடிய ஓர் அலுவலகத்தின் லிஃப்டை நிறுத்தப் போனவர், குப்பைக்குப் போகவிருந்த அதைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்தார். எதைத் தட்டினாலும் வாய்விட்டுப் படிக்கும். குரல் மட்டும், சளி பிடித்த ஆள் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கும். அதற்குத் தெரிந்தது அந்த நாட்டு மொழி ஒன்றுதான். நம் ஆள் ஒரு வாரம் மல்லுக்கட்டி, தமிழ்ச் சொற்களை அந்த மொழி எழுத்துகளில் கோணல்மாணலாக அடித்து, அதைத் தமிழ் பேச வைத்தார்.

முதலில் கற்றுக்கொடுத்தது, "சாப்பிட்டியா?" தினமும் வேலை முடிந்து வந்ததும் பொத்தானை அமுக்குவார். "சாப்... பிட்... டியா?" என்று கேட்கும். "இல்லடா, இப்பத்தான் வந்தேன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுவார். இரண்டு வருஷம் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேறு நாதி இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு கல்யாணமாகி மனைவி வந்தாள், மகள் பிறந்தாள். மூக்கன் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. வீட்டிலிருந்த ஒரே நல்ல மேசை அவனுக்கு. மனைவியின் தையல் மிஷின் குளியலறை வாசலில் கிடந்தது. இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம் முழங்கால் மக்கர் செய்தது. ஊரிலுள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டிடத்தில், நாலாவது மாடி. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறுவார். ஒருவழியாகத் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. இப்போதிருப்பதில் பாதிதான் இருக்கும்.

"அங்க இருக்கறது ஒரே மூலைங்க," என்றாள் மனைவி. "ஒண்ணு என் மிஷின் வரணும், இல்ல உங்க மூக்கன் வரணும். மூக்கன் வந்தா நான் வரலை." இதைச் சொல்லிவிட்டு ஒற்றைக் காலில் நின்றாள். மகள் பழைய கருவிகளைச் சேர்த்து வைக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போட்டாள். சனிக்கிழமை வருகிறோம், பேசினால்தான் எடுத்துக்கொள்வோம், பேசாத பெட்டிகள் எங்களிடம் ஏராளம் என்று பதில் வந்தது.

பேசினால்தானே! சனிக்கிழமை காலை மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, ஐயா ஸ்க்ரூட்ரைவரோடு பூனை போல வந்தார். மூக்கனின் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருடா," என்று மூடியை மாட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவராகப் பேப்பர் படிக்க உட்கார்ந்தார். பேப்பர் தலைகீழாக இருந்ததை மகள்தான் சொன்னாள்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த அம்மாள் கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். மூக்கன் வாய் திறக்காததைப் பார்த்ததும் பின்மூடியைக் கழற்றினாள். ஒயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் திரும்பச் சொருகினாள். ஐயா முகத்தில் ஈயாடவில்லை.

அதோடு விட்டாளா? மூக்கனுக்கான பேச்சுகளைப் பதிந்து வைத்த பிளாப்பித் தட்டுகளின் பெட்டியடியில் கைவிட்டு, பேர் எழுதாத ஒன்றை எடுத்துப் போட்டாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "ஐயோ, அது வேணாம்! வேற போடச் சொல்லுங்க!"

மூக்கன் அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"நான்... வந்து... நாப்பது நாள்... ஆச்சு. அவரு... வந்ததும்... உன்கிட்டத்தான் பேசறாரு. அவரு குறட்டையும்... உன்னை மாதிரியே இருக்கு. இங்க எனக்கு... யாரையும் தெரியாது. நான் ஊருக்கே... திரும்பிப் போயிடறேன். நேர்ல சொல்ல... பயமா இருக்கு. நீ... சொல்லிடு."

அருங்காட்சியகத்து அம்மாளுக்கு ஒரே குஷி, கைதட்டினாள். என்ன சொல்கிறது என்று மகளைக் கேட்டாள். "வீட்டு விஷயம்," என்று மட்டும் மகள் அவள் மொழியில் சொன்னாள்.

"நீயா அடிச்சே?" என்றார் ரிப்பேர்காரர்.

"பகல் பூரா வேற என்ன வேலை எனக்கு? பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் போகலை?"

"அது சொல்லும் சொல்லும்னு பார்த்தேன். நீங்க ஒரு நாளும் அந்தப் பிளாப்பியைப் போடவே இல்லை. அதுக்குள்ள இவ வயித்துல வந்துட்டா." கரண்டியைத் தாழ்த்திக்கொண்டாள். "இதை இப்ப எப்படிங்க வெளிய அனுப்பறது? என் பேச்சும்ல உள்ள இருக்கு."

ஒரு வீட்டில் இரண்டு பேர் தனியாக இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பெட்டியிடம் போய் அழுதிருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் அது தெரியாமலே போய்விட்டது. கொடுப்பதற்கில்லை என்று மகள் சொல்ல, அந்த அம்மாள் பென்சிலைக் கொண்டையில் இன்னும் அழுத்திச் செருகிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினாள்.

புது வீட்டின் ஒற்றை மூலைக்குத் தையல் மிஷின் போனது. மூக்கன் அதன் பலகைமேல் ஏறிக்கொண்டான். அவள் தைக்கும்போது இறக்கி வைப்பது ஐயாவின் வேலை என்று ஏற்பாடு.

குடிபோன அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தாள். அவர் மூக்கன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். "இனிமே... வந்ததும்... முதல்ல... உன்கிட்டத்தான்... பேசுவேன்."

"அதையும் அவன் வாயாலதான் சொல்லணுமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்களுக்கு வாய் இல்லையா?"

எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்கே சளி பிடித்தது போலத்தான் குரல் வந்தது.

"சாப்பிட்டியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள். "யாராவது கேட்கட்டும்னு இருந்தேன்."