மூன்று எழுத்து தள்ளி

மாத்தளை டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. சண்டைக் காலம். பஸ்ஸில் தமிழ் பேசினால் எங்கள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ், பாடம் சிங்களத்தில். என்னுடன் ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் நாவுலையிலிருந்து வந்த சிங்களப் பெண். பாடத்தைத் தவிர நாங்கள் வேறெதுவும் பேசியதில்லை.

ஒரு நாள் மிஸ் ரகசிய எழுத்துக்குப் புரோகிராம் எழுதச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தும் மூன்று இடம் தள்ளிப் போகவேண்டும். A என்றால் D. கம்ப்யூட்டருக்குள் எழுத்துக்கெல்லாம் எண் உண்டென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு எழுத்தை எடுத்து, எண்ணாக்கி, மூன்றைக் கூட்டி, மறுபடி எழுத்தாக்க வேண்டும். MATALE என்று அடித்தோம். H மட்டும் வந்தது.

"மத்த எழுத்தெல்லாம் எங்க போச்சு?" என்றாள் சிங்களத்தில்.

புதிய எழுத்து வரும்போதெல்லாம் பழையது அழிந்துகொண்டிருந்தது. பழையதோடு புதியதை ஒட்டும்படி புரோகிராமை மாற்றியதும் PDWDOH என்று வந்தது. நான் பிறந்த ஊர், யாருக்கும் தெரியாத ஊராகத் திரையில் நின்றது. X, Y, Z மட்டும் ஏதேதோ குறிகளாயின. Z-ஐத் தாண்டினால் இருபத்தாறைக் கழிக்க வைத்தோம்.

அடுத்து, மறைத்ததைத் திருப்பி எடுக்கும் புரோகிராம். அவள் என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி ஏதோ அடித்தாள். திரையில் PDWDEDBDL என்றிருந்தது. கூட்டிய இடத்தில் கழித்தேன், கழித்த இடத்தில் கூட்டினேன். MATABAYAI. எனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்கான சிங்களம்.

"எதுக்குப் பயம்?" என்றேன்.

"அண்ணன் ஆமியில. வடக்குல இருக்காரு. ஒரு தகவலும் இல்ல."

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, மறைத்து, கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். திருப்பி எடுத்ததை அவள் தட்டுத் தடுமாறி உரக்க வாசித்தாள்.

"எனக்கும்... பயம்."

அந்த அறையில் தமிழ் அப்படிச் சத்தமாக ஒலித்தது அதுதான் முதல் தடவை.

"பயம்னா எங்க 'பய' தானே?" என்றாள். தலையாட்டினேன். மெஷினுக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது. கூட்டவும் கழிக்கவும்தான் தெரியும். அதன் வழியாக இது எப்படி எங்களிடம் வந்து சேர்ந்தது என்று வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து, வந்ததும் வராததுமாக DBBDDDZD என்று அடித்தாள். புரோகிராமை ஓட்டாமலே வாசித்தேன். சிங்களத்தில் அய்யா ஆவா, அண்ணன் வந்துவிட்டார். அவள் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு கிழமைதான் லீவு; அடுத்த வாரம் கேட்டபோது, திரும்பிப் போய்விட்டாராம்.