பீரோக் கண்ணாடியும் வேகமான ஃபிலிமும்

வளைகாப்புக்குக் கலர் ஃபிலிம்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எதிர் வீட்டில் கலர் டிவியே வந்துவிட்ட காலம். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் கலர் ஆல்பம்தான். என் வீட்டுக்காரர் மட்டும் கறுப்பு வெள்ளை என்றார்.

அவரிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. திறந்தால் ஆர்மோனியத் துருத்தி போல மூக்கை நீட்டும். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. ஃபிளாஷ் மாட்ட அதில் வழியில்லை. அதற்கு ஃபிலிம் தேர்ந்தெடுப்பதை அவர் பெண் பார்ப்பதைவிடக் கவனமாகச் செய்வார். சாப்பிட உட்கார்ந்தால், மெதுவான ஃபிலிமா வேகமான ஃபிலிமா என்று பேசிப் பேசியே சோறு ஆறிப்போகும். கொஞ்சம் வெளிச்சத்திலும் படம் பிடிக்கிற ஃபிலிமுக்குத்தான் வேகமான ஃபிலிம் என்று பெயர் என்பதே அவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

"அந்தப் பழைய லென்சுக்குக் கலரு ஒத்துக்காது. வீட்டுக்குள்ள எடுக்க வேகமும் பத்தாது," என்றார்.

"கனகாம்பரமும் மருக்கொழுந்தும் கறுப்பு வெள்ளையில என்னாங்க தெரியும்? எங்கம்மா தைக்கற சடையே கலருக்குத்தான்."

"சொன்னா கேளு, பேஜாரு பண்ணாத."

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டேன், பேச்சு கொடுக்கவில்லை. அவரும் சளைக்காமல் தனக்குப் பிடித்த ஃபிலிமையே வாங்கி வந்தார்.

என் வீம்புக்குக் காரணம் அம்மா. அப்பா போன பிறகு அம்மா தலையில் பூ வைப்பதில்லை. ஆனால் திண்டிவனத்தில் என் தாய்வீட்டுத் தெருப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் பூச்சடை தைப்பாள். தைத்து முடித்ததும் உள்ளே போய்விடுவாள். விசேஷத்தில் நிற்கமாட்டாள், போட்டோவுக்கும் நிற்கமாட்டாள். அம்மாவின் படம் என்று ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. அவள் கைவேலையாவது கலரில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

வளைகாப்பன்று முதல் பஸ்ஸில் ஈரத்துணியில் பூவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வாழைப்பட்டையில் மொட்டு மொட்டாக வைத்துத் தைத்து என் பின்னலில் கட்டினாள். மாமியாரும் நாத்தனாரும் எனக்கு வளையல் போட்டபோது அம்மா சமையலறையில் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தாள்.

சடை போட்டோவுக்குப் பின்னால் கண்ணாடி வேண்டும். முகமும் சடையும் ஒரே படத்தில் விழவேண்டுமே. எங்கள் கூடத்துப் பீரோவின் கதவில் பெரிய கண்ணாடி இருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரர் என்னை உட்காரவைத்தார். கதவைக் கொஞ்சம் திறப்பார், கேமராவிடம் போய்ப் பார்ப்பார், திரும்பி வந்து ஒரு விரல்கடை மூடுவார். எனக்கோ இடுப்பு விட்டுப்போயிற்று.

"ஜல்தியா எடுங்க. சடை தெரியுதில்ல?"

"தெரியுது, தெரியுது. ஆடாம இரு."

கேமராவுக்குப் பக்கத்தில்தான் சமையலறை வாசல். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் என் சடையைப் பார்த்தபடி நின்றாள்.

"வாங்க சம்பந்தி, பொண்ணு பக்கத்துல வந்து நில்லுங்க," என்றார் மாமியார்.

"நல்ல நாள்ல நான் எதுக்குங்க. இங்கயே பாத்துக்கினு இருக்கறேன்."

என் வீட்டுக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டால் வாய் வலிக்குமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த முகத்தோடுதான் படத்தில் விழுந்தேன்.

படம் கழுவி வந்தபோது நான் பிரசவத்துக்காகத் திண்டிவனத்தில் இருந்தேன். அவர்தான் எடுத்துக்கொண்டு வந்தார். கறுப்பு வெள்ளை. உர்ரென்று நான். பின்னால் கண்ணாடியில் சடை, ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக. சடைக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குள், நிலையைப் பிடித்தபடி அம்மா.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"கலரு போட்டிருந்தா அந்த வாசப்படி வெறும் இருட்டாப் போயிருக்கும். அத்தை விழுந்திருக்க மாட்டாங்க," என்றார். "கூப்பிட்டா வருவாங்களா? அதான் பீரோக் கதவைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தேன்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்னாங்க?"

"நீ அத்தைகிட்ட சொல்லியிருப்ப. அவங்க அந்தாண்ட போயிருப்பாங்க."

சொல்லித்தான் இருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர்மேல் அப்போது பொங்கிய அன்பை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று அவரை அதட்டினேன்.

அம்மா படத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். முதலில் சடையைப் பார்த்தாள். அப்புறம்தான் தன்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் என் சடையின் கனகாம்பர வரிசை அவள் காதோரக் கூந்தலை ஒட்டி விழுந்திருந்தது. அந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"என் தலையில பூ வச்ச மாதிரியே இருக்குதுடி," என்றாள்.

பிறகு மாப்பிள்ளைக்குக் காபி போடுகிறேன் என்று படத்தோடு உள்ளே போனாள். காபி வர வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் கூப்பிடவில்லை.